ஜன்னல் மாற்றும்போது அலாரம் சென்சாரைக் கழற்றி வைப்பது எப்படி?

ஜன்னல் சட்டத்தை மாற்றும்வரை அதிலுள்ள திருட்டு அலாரம் சென்சாரின் ஒயரை வெட்டிவிட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள். வெட்டாதீர்கள். பெரும்பாலான சென்சார்களில் ஜன்னல் மூடியிருக்கும்போது சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றாலே ஜன்னல் திறந்துவிட்டதாகப் பேனல் (அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி) எடுத்துக்கொள்ளும்.

முதலில் கீபேடில் அந்த ஜன்னல் இருக்கும் ஜோனை (பேனல் தனியாகக் கவனிக்கும் பகுதி) மட்டும் பைபாஸ் செய்யுங்கள், அதாவது பேனல் அதைக் கவனிக்காமல் விடும்படி வையுங்கள். பல பேனல்களில் அலாரத்தை அணைத்ததும் பைபாஸும் நீங்கிவிடும், அடுத்த முறை மறுபடி போட வேண்டும். கண்காணிப்பு நிறுவனம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் இணைப்பை போட்டோ எடுத்துக்கொண்டு ஒயரைக் கழற்றலாம். இரண்டு முனைகளையும் முறுக்கிவிட்டால் சரி என்பார்கள். எல்லா இடத்திலும் அது எடுபடாது. சென்சாரின் முனையில் ரெசிஸ்டர் (மின்தடை என்ற சிறு பாகம்) இருந்தால், வெறுமனே இணைப்பதைப் பேனல் ஷார்ட் என்று காட்டும். அந்த ரெசிஸ்டரையே இரு ஒயர்களுக்கும் நடுவே மாட்டி டேப் சுற்றுங்கள். (பலரும் தடுமாறுவது இங்கேதான்.) அசைவு சென்சார் என்றால் 12 வோல்ட் ஒயர்களும் வரும், அவற்றைத் தனித்தனியாகச் சுற்றுங்கள்.

வயர்லெஸ் என்றால் மூடியைத் திறந்தாலே டாம்பர் அலாரம் (சென்சாரில் யாரோ கைவைக்கிறார்கள் என்ற எச்சரிக்கை) அடிக்கலாம். பேனலைச் சோதனை நிலைக்கு மாற்றிவிட்டுக் கழற்றி, சென்சாருக்கு ஜோடியான காந்தத்தையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.