விழுந்து அடிபட்டு நான்கு ஆண்டுகளாக ஓடாமல் நிற்கும் ஆர்15 பைக்கைச் சரிசெய்யலாமா, எடைக்குப் போட்டுவிடலாமா?

எடைக்குப் போடாதீர்கள். காரணங்களைப் பிறகு சொல்கிறேன்.

விபத்துக்குப் பிறகு வீட்டில் பெரியவர்கள் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டியிருப்பார்கள். இப்போது யாரோ ஒருவர் "சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது" என்று பேச்சை எடுத்திருப்பார். அதனால்தான் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

என் அண்ணன் மகன் காட்பாடியில் படித்த காலத்தில் பழைய வண்டியாக வாங்கியது அது. யமஹா ஆர்15, 2008-இல் இந்தியாவுக்கு வந்த முதல் வடிவம். சத்துவாச்சாரி அருகே நெடுஞ்சாலையின் சர்வீஸ் சாலையில் சிந்திக் கிடந்த மணலில் சறுக்கி விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. அண்ணி வண்டிச் சாவியைப் பூஜை அறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வண்டி வீட்டின் பின்பக்கம் கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குட்டி போட்டது. பையன் படிப்பை முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். காயலான் கடைக்காரர் வந்து கிலோவுக்கு இவ்வளவு என்று விலை சொன்ன அன்று நான் அண்ணியிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். அவர் உடனே கொடுத்துவிடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. தொழில் தெரிந்தவர்கள் இதைவிட நன்றாகச் சொல்லலாம். ஆனால் ஒரு விஷயத்தில் என் கருத்து உறுதியானது. எந்தப் பட்டறைக்குப் போனாலும் "முதலில் ஸ்டார்ட் செய்து பார்த்துவிடலாம்" என்பார்கள். விடாதீர்கள். விழுந்த வண்டியில் என்ஜின் வேலை கடைசியில் வரவேண்டியது. சத்தம் கேட்டதும் நமக்கு மனம் நிறைந்துவிடும். மறுநாளே ஓட்டத் தோன்றும். அந்த வண்டிக்கு நேராகப் போகத் தெரியுமா, நிற்கத் தெரியுமா என்பதை அதற்குள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் காகிதம். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா, அதில் இருக்கும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். முதல் வடிவ வண்டிகள் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன, புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டி டிஎன் 23, வேலூர்ப் பதிவு. 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் பலருக்கு எந்த அலுவலகத்துக்குப் போவது என்ற குழப்பம் வருகிறது. காப்பீடு நின்றுபோயிருந்தால் சோதனை ஓட்டத்துக்குக்கூடத் தெருவில் இறக்காதீர்கள்.

அடுத்தது சட்டம், அதாவது பிரேம். பெரிய கருவி எதுவும் இல்லாமலே முதல் சோதனையைச் செய்யலாம். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, பின் டயரின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் நூலைக் கட்டி முன் டயர் வரை இழுங்கள். முதல் ஆர்15-இல் பின் டயர் 100 மில்லிமீட்டர் அகலம், முன் டயர் 80. எனவே ஹேண்டில் நேராக இருக்கும்போது நூலுக்கும் முன் டயருக்கும் நடுவே இரண்டு பக்கமும் சுமார் 10 மில்லிமீட்டர் சமமாக இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் ஒரு பக்கம் நூல் டயரைத் தொட்டது. பிரேமோ முன்பக்க ஃபோர்க்கோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

வேலூரில் கேட்ட இடங்களில் எல்லாம் "பெண்டு எடுத்துவிடலாம்" என்றார்கள். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் லேத் வைத்திருக்கும் ஒரு பெரியவர்தான் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களைக் கழற்றி, சமதளப் பலகைமேல் உருட்டிக் காட்டினார். ஒன்று சீராக உருண்டது. மற்றொன்றின் அடியில் ஒவ்வொரு சுற்றிலும் வெளிச்சம் தெரிந்தது. கிளாம்ப் பிடிக்கும் இடத்துக்குக் கீழே மடிப்பு விழுந்திருந்தது. மடிப்பு விழுந்த குழாயை நிமிர்த்திப் போடுவது ஓட்டுகிறவனைக் கொல்வதற்குச் சமம் என்றார். பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் குழாய் வாங்கிவரட்டுமா என்று கேட்டேன். "அதுவும் யாரோ விழுந்த வண்டியில் கழற்றியதுதானே தம்பி" என்றார். ஃபோர்க் குழாய்கள், ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கான கோன் செட், பிரேக் சாமான் மூன்றும் புதிது வாங்கினேன். வண்டியின் வெளி உறையான ஃபேரிங், கண்ணாடி, இண்டிகேட்டர் மட்டும் புதுப்பேட்டை. நல்ல வேளையாகப் பிரேமில் விரிசலோ கோணலோ இல்லை. இருந்திருந்தால் வெல்டிங் வைத்து ஒப்பேற்ற நானே சம்மதித்திருக்க மாட்டேன்.

பெட்ரோல் டேங்கைத் திறந்ததும் வார்னிஷ் நாற்றம் அடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து உள்ளே துருப் பிடிக்க வைத்திருக்கும். ஆர்15-இல் ஃபியூயல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. அந்தத் துருவோடு சாவியைத் திருப்பினால் பம்பும் இன்ஜெக்டரும் கெடும். டேங்கைக் கழற்றிக் கழுவி உலர்த்துங்கள். இந்த வண்டிக்குக் கிக்கர் கிடையாது, எனவே பேட்டரியில் மிச்சம் பிடிக்காதீர்கள். பிரேக் ஆயில் முழுவதையும் மாற்றுங்கள், பிரேக் பேடைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் இறுகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1412 என்றால் 2012-இன் 14-ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் வேலூர் வெயிலில் அத்தனை ஆண்டு நின்ற ரப்பரை நம்ப முடியாது.

பிறகு என்ஜின். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியாகச் சில சொட்டு ஆயில் விட்டு ஊறவைத்து, கிராங்க் போல்ட்டைக் கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள். இதன் சிலிண்டர் சிலிக்கான் கலந்த அலுமினிய வார்ப்பு, உள்ளே இரும்பு ஸ்லீவ் இல்லை. பழைய வண்டிகளைப்போல் சிலிண்டரைக் கடைந்து, அதாவது போர் செய்து, பெரிய பிஸ்டன் போடுகிற வேலை இதில் நடக்காது. கீறல் விழுந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். ரேடியேட்டரில் நம் ஊர் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். என்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலண்டைக் காய்ச்சி வடித்த நீரில்தான் கலக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலூர், பைக் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் 2022 ஜூன் மாதத்தில் நடந்ததைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். தெருவில் நிறுத்தியிருந்த வண்டியை நகர்த்தாமல் சக்கரத்தோடு சேர்த்துச் சிமெண்ட் சாலை போட்ட அந்தப் படம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் கதவைத் திறந்து தன் வண்டியை அந்தக் கோலத்தில் பார்த்தவருக்கு வயிறு எரிந்திருக்காதா? அடுத்தவர் பொருளைப் பொருளாகவே மதிக்காத புத்தி அது. சர்வீஸ் சாலையில் மணலைக் கொட்டிவிட்டு அள்ளாமல் போகிறவர்களுக்கும் அதே புத்திதான். எங்கள் பையன் அதில்தான் விழுந்தான்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். இந்த வண்டியை விற்றால் கிடைக்கும் விலையைவிட அதிகமாகவே செலவானது. லாபக் கணக்குப் பார்க்கிறவர்கள் இதில் இறங்க வேண்டாம். ராணிப்பேட்டையிலேயே மின்சார ஸ்கூட்டர் தயாராகும் காலத்தில் பழைய பெட்ரோல் வண்டிக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களும் உண்டு. திருத்தி ஓட்டக்கூடிய ஒன்றைக் கிலோ கணக்கில் போட எனக்கு மனம் வரவில்லை. விழுந்த பையனிடமே வண்டியைத் திரும்பக் கொடுத்தது சரியா என்று சிலர் கேட்கிறார்கள். முதலில் அமிர்தி வரை போய்வந்தது நான்தான். வளைவில் ஹேண்டில் இழுக்கவில்லை, பிரேக் பிடித்தால் நேராக நின்றது. அதன் பிறகுதான் ஓசூரிலிருந்து அவனை வரச்சொன்னேன். கையுறையும் முழுமுக ஹெல்மெட்டும் இல்லாமல் சாவி கிடையாது என்பது அண்ணியின் நிபந்தனை. அவன் அதை மீறியதில்லை. அண்ணிக்குப் பயம் போகவில்லை, போக வேண்டும் என்று நான் வற்புறுத்தவும் இல்லை.

உங்கள் வண்டி எந்த ஆண்டு மாடல், ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்புகிறதா, ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று எழுதுங்கள். நூல் கட்டிப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.