நகைச்சுவை மங்காவில் ஓவியம், சிரிப்பு, வேகம்: எப்படி எடைபோடுவது?

ஒவ்வொரு அத்தியாயமும் தனிக்கதையாக முடிகிற நகைச்சுவை மங்காவை, அதாவது ஜப்பானிய காமிக்ஸை, எப்படி மதிப்பிடுவது என்பது கேள்வி. நான் முதலில் பார்ப்பது வேகத்தைத்தான், அதாவது பக்கத்தில் கோடு போட்டுப் பிரித்த ஒரு படக் கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக நம் கண் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை. மங்காவில் குரலோ இசையோ கிடையாது, அதனால் சிரிப்பு வரவேண்டிய நொடியைக் கட்டங்களின் அளவும் எண்ணிக்கையும்தான் முடிவு செய்கின்றன. டீக்கடையில் நண்பன் ஜோக் சொல்லும்போது கடைசி வார்த்தைக்கு முன்னால் ஒரு வாய் டீ குடித்துவிட்டு நம்மைப் பார்ப்பான் இல்லையா, வசனமே இல்லாத ஒரு கட்டம் அந்த இடைவெளி மாதிரிதான்.

ஜப்பானின் நான்கு கட்ட வடிவமான யோன்கோமாவில் தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு என்று வரிசை. மூன்றாவது சறுக்கினால் நான்காவதில் சிரிப்பு வராது. மங்கா ஓவியர் கியோஹிகோ அசுமா 1999 முதல் 2002 வரை அசுமங்கா டையோ என்ற தொடரை இந்த வடிவில் வரைந்தார். 2003இல் தொடங்கிய யோட்சுபாட்டோ என்ற தொடரில் வழக்கமான பக்க அமைப்புக்கு மாறினார், அங்கே ஒரு குழந்தை எதையோ வெறித்துப் பார்ப்பதற்கே சில கட்டங்கள் செலவாகும், எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

சரி, ஓவியம்? முகத்தைப் பாருங்கள், புருவக் கோடு கொஞ்சம் ஏறினாலே கோபமும் குழப்பமும் பிரிந்து தெரிய வேண்டும். அப்புறம் நகைச்சுவை அந்தக் கதாபாத்திரத்துக்கு மட்டுமே பொருந்துகிறதா, யார் வாயில் வைத்தாலும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

பின்னணி வெறுமையாக இருந்தால் சோம்பேறி ஓவியம் என்று பலர் நினைக்கிறார்கள்; பல நேரம் அது நம் கண்ணை முகத்திலேயே நிறுத்த வேண்டுமென்றே விட்ட வெற்றிடம்.