‘சரி’ என்று ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

தோழிக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். ‘சரி’ என்று மட்டும் பதில் வந்தது. என்ன தப்பு செய்தேன் என்று பழைய செய்திகளைப் புரட்டியே இரவு போனது. மறுநாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேருந்தில் நின்றுகொண்டு அனுப்பினாளாம்! வீட்டில் ‘தொட்டாச்சிணுங்கி’ என்கிறார்கள். இதை மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது? எப்படித் துணை கேட்பது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தொட்டாச்சிணுங்கி தொட்ட பிறகுதான் சுருங்கும். நாம் யாரும் தொடுவதற்கு முன்பே சுருங்கிவிடுகிறோம்.

‘நாம்’ என்றது சும்மா இல்லை. கதையைத் திருத்தச் சொல்லி ஓர் ஆசிரியர் அனுப்பிய மூன்று வரியைப் படித்துவிட்டு ஒரு மாதம் அவருக்கு எழுதாமல் இருந்தவன் நான். மூன்றாவது வரி ‘கதை பிடித்திருக்கிறது’ என்பது. அதை அப்புறம்தான் பார்த்தேன்.

1996-ல் ஜெரால்டின் டௌனி, ஸ்காட் ஃபெல்ட்மன் என்ற உளவியலாளர்கள் இதை ‘ரிஜெக்‌ஷன் சென்சிடிவிட்டி’ (ஒதுக்கலுக்கு அஞ்சும் மனம்) என்ற பெயரில் விவரித்தார்கள்: ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்தபடியே இருப்பது, சின்ன அறிகுறியையும் ஒதுக்கலாகவே எடுத்துக்கொள்வது, பிறகு அளவுக்கு மீறிக் கொதிப்பது. கடைசியில் எதிரே இருப்பவர் நிஜமாகவே சலித்துப்போவதும் உண்டு. ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அடங்காத துடிப்பும் உள்ள நிலை) உள்ளவர்கள் பலரும் இந்த வலியைச் சொல்கிறார்கள். ஆனால் இது தனி நோயாக அங்கீகரிக்கப்படவில்லை. அதனால் பெயரைச் சொல்லி வாதாட வேண்டாம், ‘இணையத்தில் படிச்சியா?’ என்பதிலேயே பேச்சு முடிந்துவிடும்.

வலிக்கிற நேரத்தில் விளக்காதீர்கள், குற்றம் சாட்டுவதுபோலத்தான் கேட்கும். சாதாரணமான ஒரு நாளில் சொல்லுங்கள்: “நீ ‘சரி’ன்னு மட்டும் அனுப்பினா, கோபமோன்னு என் மனசு எடுத்துக்குது. அப்படி இல்லைன்னு தெரியும். தெரிஞ்சும் நிக்க மாட்டேங்குது. அவசரமா இருந்தா ‘அப்புறம் பேசறேன்’னு போடு, போதும்.” இது யாராலும் செய்ய முடிகிற காரியம். ‘என்னைக் காயப்படுத்தாதே’ என்று கேட்டால், பாவம், அவள் என்னதான் செய்வாள்?

கூடவே, குறை இருந்தால் சொல்லலாம் என்றும் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் அளந்து அளந்து பேசுவார்கள். நாம் அதையும் ஒதுக்கல் என்றே எடுத்துக்கொள்வோம். ‘கோபமா?’ என்று ஒரு தடவை கேட்கலாம். பதிலில் மனம் ஆறாவிட்டாலும் இரண்டாம் தடவை வேண்டாம். கேட்டுக் கேட்டு ஆறுதல் வாங்கினால், அடுத்த முறை இன்னும் அதிகமாகக் கேட்கத் தோன்றும். தூக்கமும் வேலையும் தொடர்ந்து கெட்டால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் விளங்கவைக்க வேண்டியதில்லை. முதலில் அந்தத் தோழியிடம் சொல்லுங்கள். நீங்கள் ஏன் முகம் கொடுக்கவில்லை என்று தெரியாமல் இப்போது அவள் பழைய செய்திகளைப் புரட்டிக்கொண்டிருப்பாள்.