ஒரு நொதியை ஆராய்வது குறுகிய படிப்பா? ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

பி.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், அழற்சியைக் கட்டுப்படுத்தும் நொதிகளை ஆராய விரும்புவதாகவும், அத்துறை வேலை தருமோ தராதோ என்று தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அது குறுகிய துறை அன்று என்பதற்கு 'ஜாக்' எனப்படும் ஜானஸ் கைனேஸ் நொதியே சான்று.

சைட்டோகைன் என்னும் சைகைப் புரதம் செல்லின் வெளிப்புற ஏற்பியில் வந்து பொருந்தியதும், உட்புறமுள்ள ஜாக் நொதி 'ஸ்டாட்' புரதத்தின்மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. ஸ்டாட் உட்கருவுக்குள் சென்று அழற்சிக்குரிய மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இந்த ஒரே பாதை அளவுமீறி இயங்கும்போது மூட்டில் முடக்குவாதமும், பெருங்குடலில் புண்ணும், தலையில் புழுவெட்டும் உண்டாவதில் பங்கு வகிக்கிறது. அதனால்தான் 2012-இல் முடக்குவாதத்துக்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, ஜாக் நொதியைத் தடுக்கும் டோஃபாசிட்டினிப் என்னும் மருந்து, 2018-இல் பெருங்குடல் அழற்சிக்கும் ஏற்கப்பட்டது. அதே வகையைச் சேர்ந்த பாரிசிட்டினிப் 2022-இல் கடுமையான புழுவெட்டுக்கு ஏற்கப்பட்டது. ஆயினும் இதயப் பாதிப்பு, இரத்த உறைவு, புற்றுநோய் ஆகிய அபாயங்கள் குறித்து 2021-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. எனவே பாதுகாப்பான மருந்தைத் தேடும் ஆய்வகங்களில் மட்டுமன்றி, மருத்துவப் பரிசோதனைகளிலும் மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்பிலும் இத்துறை அறிந்தவர்களுக்கு இடமுண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: பி.எஸ்சி.யோடு நின்றால் ஆய்வாளராக வளர்வது கடினம். முதுகலையும், அதன்பின் ஏறத்தாழ ஐந்தாண்டு முனைவர் பட்டமும் தேவைப்படும். முதுகலை அறிவியல் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜாம், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் வழிதிறக்கும்; அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்று ஆய்வில் சேர்ந்தால், தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும்.

நான் அதிகம் கவனிக்கச் சொல்வது மனப்பாங்கை. குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் ஜெல்லை ஓட்டி, புரதங்களைச் சவ்வுக்கு மாற்றி, இரவு முழுவதும் ஆன்டிபாடியில் ஊறவிட்டு, மறுநாள் பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்டின் பட்டை தெரியவில்லை என்றால், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பொறுமை மகளுக்கு உண்டா என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. ஆகவே வரும் கோடை விடுமுறையில், அறிவியல் அகாடமிகள் கூட்டாக வழங்கும் ஆய்வுப் பயிற்சிக்கு அவரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்; அது கிடைக்காவிட்டால், அருகிலுள்ள பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் இரண்டு மாதமாவது பணிபுரியக் கேட்டுப் பாருங்கள். ஜாம் விண்ணப்பம் அதற்குப் பிறகுதான் வரும். அப்போது மகளும் தாங்களும் சேர்ந்தமர்ந்து முடிவெடுக்கலாம்.