அலைக்கற்றைப் பக்கம் போகிறேன் என்கிறாள் மகள்: ஓர் அப்பாவுக்குப் பதில்

வணக்கம் சார்,

மகள் இசிஇ மூன்றாம் ஆண்டு. கேம்பஸில் வரும் சாஃப்ட்வேர் வேலை வேண்டாம், ஸ்பெக்ட்ரம் பாலிசி பக்கம் போகிறேன் என்கிறாள். அதாவது, செல்போன் சேவை ஓடும் ரேடியோ அலைகளை (அலைக்கற்றை) யாருக்கு, எப்படி, என்ன விலைக்குக் கொடுப்பது என்ற கொள்கை வேலை. உங்களுக்கோ அலைக்கற்றை என்றாலே 2ஜி வழக்குதான் நினைவுக்கு வருகிறது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சார் அந்த வம்பு?" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த 2ஜியிலிருந்தே தொடங்குகிறேன். 2008-ல் அலைக்கற்றையோடு சேர்ந்த 122 செல்போன் சேவை உரிமங்களை, முதலில் வந்தவருக்கே முதலில் என்ற முறையில், 2001-ஆம் ஆண்டு விலைக்கே கொடுத்தார்கள். நாடு முழுமைக்கும் 1,658 கோடி ரூபாய். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. (குற்ற வழக்கில் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது தனிக் கதை.) அதன் பிறகு செல்போன் நிறுவனங்களுக்கு அலைக்கற்றை ஏலத்தில்தான் போகிறது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் ஏலத்தையே பொது விதியாக்கிவிட்டது. ஏலம் என்று வந்துவிட்டால், எந்த விலையில் தொடங்குவது என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டுமே! உங்கள் மகள் கேட்பது அந்த வேலையைத்தான்.

அது எவ்வளவு சிக்கல் என்பதற்கு 700 மெகாஹெர்ட்ஸ் கதை ஒன்று போதும். இந்த அலைவரிசை வெகுதூரம் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள் நுழையும், அதனால் டவர் குறைவாகப் போதும். மற்ற அலைவரிசைகள் ஊர்க்கோடி நிலம் என்றால் இது மெயின்ரோட்டு மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2016-ல் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி என்று தொடங்கினார்கள்; ஒருவரும் கேட்கவில்லை. 2021-ல் ஏறக்குறைய 6,568 கோடி, அப்போதும் ஆளில்லை. 2022-ல் 3,927 கோடிக்கு இறக்கிய பிறகு ஜியோ மட்டும் வாங்கியது. விலையை அதிகம் வைத்ததால் அரசுக்கு என்ன லாபம்? அத்தனை வருடம் அந்த அலைவரிசை சும்மா கிடந்தது. நெல்லைப் போலச் சேர்த்து வைத்துப் பிறகு விற்கிற சரக்கு இல்லை இது. இன்று பயன்படாதது இன்றோடு போச்சு. எத்தனை டவர் மிச்சமாகும் என்பது இசிஇ படித்தவர் போடும் கணக்கு. அந்த மிச்சத்துக்கு என்ன விலை என்பது பொருளாதாரம் படித்தவர் போடுவது. இரண்டும் தெரிந்தவர்கள் நம்மிடம் குறைவு.

தொடக்க விலையை டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பரிந்துரைக்கும், மத்திய அரசு முடிவெடுக்கும், தொலைத்தொடர்புத் துறை ஏலம் நடத்தும். நாட்டை 22 வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கும் அலைவரிசைக்கும் தகுந்தபடி விலை வைப்பார்கள். 2022 ஏலத்தில் நிறுவனங்கள் எல்லா அலைவரிசைக்கும் சேர்த்து மொத்தம் 1,50,173 கோடிக்குக் கேட்டன. அதை 20 ஆண்டுத் தவணையில் கட்டலாம். உரிமக் கட்டணம் தனி. அது வருமானத்தில் ஒரு பங்கு. எது வருமானம் என்பதிலேயே வருடக்கணக்காகச் சண்டை நடந்து, 2019-ல் உச்ச நீதிமன்றத்தில்தான் தீர்ந்தது. வக்கீல்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் இங்கே வேலை இருப்பது அதனால்தான்.

வேலைக்கு வழி? யுபிஎஸ்சியின் பொறியியல் பணித் தேர்வு. அதில் இந்தியத் தொலைத்தொடர்புப் பணி உண்டு. இந்திய ரேடியோ ஒழுங்குமுறைப் பணி என்று அதிகம் பேர் கவனிக்காத ஒன்றும் உண்டு. அலைக்கற்றையைப் பங்கிடுவதும் கண்காணிப்பதும் இந்த இரண்டாவது பணியினர் பார்ப்பது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். மொத்தம் 1,300 மதிப்பெண், இறுதியாண்டிலேயே எழுதலாம். இடங்கள் மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். போஸ்டிங் எங்கே வேண்டுமானாலும் விழும், சென்னையிலும் ஒரு கண்காணிப்பு நிலையம் இருக்கிறது என்றாலும் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இந்தத் தேர்வைச் சில கோச்சிங் சென்டர்கள் ஐஇஎஸ் என்கின்றன. இந்தியப் பொருளாதாரப் பணிக்கும் அதே மூன்றெழுத்து. அதற்குப் பொருளாதாரத்தில் முதுகலை வேண்டும். தவறான வகுப்பில் பணம் கட்டிவிடாதீர்கள். அரசு வேலை கிடைக்காவிட்டால் செல்போன் நிறுவனங்களின் ஒழுங்குமுறைப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே புதியவர்களை நேரடியாக எடுப்பது அபூர்வம், நெட்வொர்க் திட்டமிடலில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு நகர்வதுதான் நடைமுறைக்கு ஒத்தது. ஆகவே கேம்பஸ் வேலையை மகள் உதறக் கூடாது. தேர்வுக்கு இரண்டு முறை முயலட்டும், கையில் சம்பளம் இருக்கட்டும்.

இப்போதைக்கு ஒன்று செய்யச் சொல்லுங்கள். டிராய் எதைப் பரிந்துரைப்பதற்கு முன்பும் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும். நிறுவனங்கள் எழுதும் பதில்களும் அதன் தளத்தில் அப்படியே கிடக்கும், இலவசமாக. செயற்கைக்கோள் இணையத்துக்கு ஏலமில்லாமல் வருமானத்தில் 4 சதவீதம் வாங்கலாம் என்று 2025 மே மாதம் டிராய் பரிந்துரைத்தது. அதற்கு முன் யார் யார் என்ன வாதிட்டார்கள் என்று படித்து, தன் கருத்தை இரண்டு பக்கம் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதட்டும். அதை எனக்கு அனுப்புங்கள். அதுவரை எந்தக் கோச்சிங் சென்டருக்கும் ஃபீஸ் கட்ட வேண்டாம்.