காலையில் ஐந்து நிமிடம்: ஸ்டோயிக் வழக்கம் பற்றி நீங்கள் கேட்டவை

கேள்வி: அலாரம் அடித்ததிலிருந்து ஒரே ஓட்டம். ஐந்து நிமிடத்தில் என்ன செய்துவிட முடியும்?

பதில்: ஐந்து நிமிடம் தாராளம். ஸ்டோயிக் என்பது பழைய கிரேக்க, ரோமத் தத்துவம்; நம் கையில் இருப்பதில் மட்டும் கவனம் வைக்கச் சொல்வது. போனைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளோடு உட்காருங்கள். இன்று எந்த இடத்தில் நிதானம் தவறக்கூடும் என்று யோசியுங்கள், ஒரே ஒரு இடம் போதும். அங்கே எப்படி நடந்துகொள்வீர்கள் என்பதை எழுதுங்கள். நேற்று நான் எழுதியது: "கூட்டத்தில் ஒருவர் என் பேச்சை நடுவில் வெட்டுவார். அவர் முடிக்கட்டும். விட்ட இடத்திலிருந்து தொடர்வேன்." அப்படியேதான் வெட்டினார். காது சூடானது, ஆனால் வார்த்தை தடிக்கவில்லை.

கேள்வி: விடிந்ததும் கெட்டதை நினைத்தால் நாள் முழுக்க மனசில் அதுவே ஓடாதா? எனக்கு ஏற்கெனவே பதற்றம் அதிகம்.

பதில்: நியாயமான பயம். கவலை "இப்படி ஆகிவிட்டால்?" என்று கேட்டுவிட்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். இந்தப் பயிற்சி "ஆனால் என்ன செய்வேன்" என்பதற்குப் பதில் கிடைத்ததும் முடிந்துவிட வேண்டும்.

கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ், தன் குறிப்புகளின் இரண்டாம் பகுதியை இப்படித்தான் தொடங்குகிறார். நன்றி கெட்டவர்கள், திமிர் பிடித்தவர்கள், பொறாமைக்காரர்கள் இன்று எதிர்ப்படுவார்கள் என்று விடியலில் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். பலர் இந்தப் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு அடுத்து வருவதுதான் மருந்து: நல்லது கெட்டது தெரியாததால் அவர்கள் அப்படி இருக்கிறார்கள், அவர்களும் என் உறவு, மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் போல நாங்கள் சேர்ந்து வேலை செய்யப் பிறந்தவர்கள். அங்கே போய் முடித்தால் மனம் இளகும். அப்படியும் நெஞ்சு படபடத்தால் இதை விட்டுவிடுங்கள். பதற்றம் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நம் கையில் இருப்பது, இல்லாதது என்று பிரிக்கச் சொல்கிறார்கள். நேர்முகத் தேர்வு பாதி என் கையில், பாதி அவர்கள் கையில். எப்படிப் பிரிப்பது?

பதில்: அடிமையாக இருந்து ஆசிரியரான எபிக்டெடஸ் இதற்குப் பொதுக் குளியல் கூடத்தை உதாரணம் காட்டுகிறார். அங்கே தண்ணீரை வாரி அடிப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடவும் செய்வார்கள். ஆகவே கிளம்பும்போதே "குளிக்கவும் வேண்டும், என் மனம் கெடாமல் இருக்கவும் வேண்டும்" என்று இரண்டையும் சேர்த்து நினைத்துக்கொள் என்கிறார். நீங்களும் அப்படியே நினையுங்கள்: வேலை கிடைக்க வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் வேண்டும். முதலாவது கைநழுவினாலும் இரண்டாவதை யாராலும் பறிக்க முடியாது.

கேள்வி: எனக்கு இரவு ஷிப்ட்.

பதில்: நீங்கள் கண்விழிக்கும் நேரம்தான் உங்களுக்குக் காலை.

கேள்வி: ஒரு வாரம் ஒழுங்காகச் செய்தேன், அப்புறம் விட்டுப்போய்விட்டது.

பதில்: பெரும்பாலும் இரவுப் பாதி இல்லாததால்தான் விட்டுப்போகும். ரோமின் ஸ்டோயிக் எழுத்தாளர் செனெகா, விளக்கை எடுத்துச் சென்றபின், மனைவியும் பேச்சை நிறுத்தியபின், அன்று சொன்னதையும் செய்ததையும் ஒன்றுவிடாமல் திரும்பப் பார்ப்பார். தவறியதற்கு, இனி செய்யாதே, இந்த முறை மன்னிக்கிறேன் என்று தன்னிடமே சொல்லிக்கொள்வார். அந்த மன்னிப்பு ரொம்ப முக்கியம். படுக்கும் முன் காலையில் எழுதிய தாளை எடுத்து, நடந்ததை அதன் கீழே எழுதுங்கள். என் தாளில் பல நாள் "தவறினேன்" என்றுதான் இருக்கும். மறுநாள் அதே வரியை மறுபடி எழுதுவேன்.