பி.ஓ.கியூ. (வேலைகளின் அளவுப் பட்டியல்) இல்லாத ஊரில் விலை போடுவது: டொரொன்டோவுக்கு வரும் தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதினது இது: அம்பாறை ஹார்டியில் படிப்பு, மட்டக்களப்பில் நாலு வருடம் டி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வேலை, அடுத்த மாதம் டொரொன்டோப் பக்கம் களஞ்சியக் கட்டடம் கட்டுகிற ஒரு டிசைன்-பில்ட் (வரைவதும் கட்டுவதும் ஒரே ஆள்) கொம்பனியில் எஸ்டிமேட்டிங் (விலை கணிக்கும்) உதவியாளர். “எனக்கு அளவெடுக்கத் தெரியும், பி.ஓ.கியூ. தெரியும். அங்க பி.ஓ.கியூ.வே வராதாம். அப்ப என்னத்தைப் பிடிச்சு விலை போடுறது? எங்க பிழைக்கும்?”

பிழைக்கிற இடத்தை ஊரிலேயே காட்டலாம். ஆரையம்பதியிலோ கல்லடியிலோ வீட்டை மேசனாரிடம் கூலிக்கு மட்டும் விடுவார்கள், அல்லது ‘முழுக் கொன்ட்ராக்ட்’ என்று ஒரே தொகைக்கு விடுவார்கள். முழுக் கொன்ட்ராக்ட்டில் சுவர் எழும்பும்வரை சண்டை வராது. டைல்ஸ், குளியலறைச் சாமான், மதில், கேட் என்று வரும்போதுதான் “இதுவும் அந்தக் காசுக்குள்ளதானே” என்று வீட்டுக்காரர் கேட்பார். எழுதாமல் விட்டதெல்லாம் அங்கே எழும்பி நிற்கும். டிசைன்-பில்ட்டும் முழுக் கொன்ட்ராக்ட்தான். வீட்டுக்குப் பதில் 10,000 சதுர மீற்றர் களஞ்சியம். வரைபடம் கீறுவதும் உங்கள் கொம்பனியின் பொறுப்பு.

ஊர் அரசாங்க வேலைகளில் வரைபடமும் பி.ஓ.கியூ.வும் முதலே முடிந்திருக்கும், கட்டி முடிந்ததை அளந்து காசு. அத்திவாரத்தில் 20 கியூப் கொங்கிரீட் கூடினால் அளவுப் புத்தகத்தில் எழுதி பில் போடுவீர்கள். டிசைன்-பில்ட்டில் அந்த 20 கியூப்பும் உங்கள் கொம்பனியின் நட்டம். கட்டட உரிமையாளர் தேவையை மாற்றினால்தான் வேரியேஷன் (மாற்றத்துக்கான மேலதிகக் காசு). நாங்கள் கீற மறந்ததற்கு வேரியேஷன் கிடையாது. நாலு வருடப் பழக்கத்தில் மாற்ற வேண்டிய முதல் விஷயம் இதுதான். (இந்த முறை இலங்கைக்கும் புதிதில்லை. சீடாவின் (இலங்கையின் கட்டுமானத் தொழில் அபிவிருத்தி அதிகாரசபை) நியம ஏல ஆவணங்களில் எஸ்.பி.டி. 04 டிசைன்-பில்ட்டுக்கு உரியது. புறப்பட முன் ஒருக்கா வாசித்துவிட்டு வாருங்கள்.)

கனடாவில் இதற்கு வழக்கமான ஒப்பந்தம் சி.சி.டி.சி. 14. உரிமையாளருக்கும் டிசைன்-பில்ட் கொம்பனிக்கும் இடையில் அது ஒன்றுதான். ஆர்க்கிடெக்ட்டும் எஞ்சினியரும் உங்கள் கொம்பனியின் கீழே சி.சி.டி.சி. 15 என்ற வேறு ஒப்பந்தத்தில் வருவார்கள். ஆனால் அவர்கள் முத்திரை குத்துவது தங்கள் சொந்த லைசென்ஸில். கட்டட அனுமதிக்குப் போகும்போது ‘வேலையை நாங்கள் பொதுவாக மேற்பார்வை செய்வோம்’ என்று மாநகரசபைக்கு எழுதிக் கொடுப்பதும் அவர்கள்தான். அதனால் “கொம்பனிக்காரன் சம்பளம் தருகிறான், கம்பியைக் குறைத்துக் கீறு” என்று யாரும் கேட்க முடியாது. நீங்களும் கேட்க வேண்டாம்.

பி.ஓ.கியூ.வின் இடத்தில் சி.சி.டி.சி. 14இல் இருப்பது ‘உரிமையாளரின் தேவைக் கூற்று’. சில வேளை 5 பக்கம், சில வேளை 200 பக்கம். 5 பக்கம் வந்தால்தான் பயப்பட வேண்டும். அதில் ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்: “உள் உயரம் 36 அடி, தடையின்றி.”

36 அடி எங்கிருந்து எங்கே? தரையிலிருந்து கூரை ஜொயிஸ்ட்டின் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்) அடிவரையா? ஜொயிஸ்ட்டைத் தாங்கும் கேடர் (பெரிய உத்தரம்) அதைவிடத் தாழ்வாகத் தொங்கும். அதற்கும் கீழே தீயணைக்கும் ஸ்ப்ரிங்க்ளரின் பிரதான குழாய் போகலாம். உரிமையாளர் தன் ராக்கையும் (சாமான் அடுக்கும் உயரத் தட்டு) போர்க்லிப்ட்டையும் மனதில் வைத்து எழுதியிருப்பார். அவருக்குக் குழாயின் அடிதான் கணக்கு. உங்கள் எஸ்டிமேட்டில் ஜொயிஸ்ட்டின் அடி என்று எடுத்திருந்தால், பிறகு கட்டடத்தை 400 மி.மீ. உயர்த்த வேண்டிவரும். 100 மீற்றருக்கு 100 மீற்றர் கட்டடத்துக்குச் சுற்றளவு 400 மீற்றர். 0.4 மீற்றரால் பெருக்கினால் 160 சதுர மீற்றர் சுவர்ப் பலகை. அதோடு எல்லாத் தூணும் நீளும், காற்றழுத்தம் கூடும், பிரேஸிங் (குறுக்குத் தாங்கு கம்பிகள்) மாறும். ஒரு சொல்லைக் கேட்டுத் தெளியாததற்கு இவ்வளவு.

தரையும் அப்படித்தான். “ராக் வைக்கக்கூடிய கொங்கிரீட் தரை” என்று மட்டும் எழுதியிருப்பார்கள். ராக்கின் ஒவ்வொரு காலும் எத்தனை தொன் இறக்கும் என்ற எண் வராமல் தடிப்பைத் தீர்மானிக்க முடியாது. 150 மி.மீ. என்று விலை போட்டு, பிறகு 175 தேவை என்று எஞ்சினியர் சொன்னால், 10,000 சதுர மீற்றருக்கு 250 கன மீற்றர் கூடும். 8 கன மீற்றர் கொள்ளும் லொறியில் 31, 32 லோட். அந்தக் காசு யாரும் தரமாட்டார்கள்.

ஆகவே “என்னத்தைப் பிடிச்சு” என்ற கேள்விக்கு என் பதில்: விலையோடு சேர்த்து நீங்களே ஒரு அனுமானப் பட்டியல் எழுத வேண்டும். தரை 150 மி.மீ., ராக் கால் சுமை இத்தனை, உள் உயரம் குழாயின் அடிவரை, மண்ணின் தாங்குதிறன் மண் அறிக்கையின் இன்ன பக்கப்படி, பாறை வந்தால் உடைப்பது சேரவில்லை, மாசடைந்த பழைய மண் அகற்றுவது சேரவில்லை. சில மூத்தவர்கள் இதை ஒரு பக்கத்தில் முடிக்கச் சொல்வார்கள், நீண்டால் வாடிக்கையாளர் பயப்படுவார் என்று. நான் அதற்கு உடன்படமாட்டேன். ஐந்து பக்கம் போனாலும் போகட்டும். அந்தப் பட்டியல் ஒப்பந்தத்தின் பாகமாகச் சேர்க்கப்பட்டதா என்றும் பாருங்கள். விலைக் கடிதத்தில் மட்டும் இருந்து ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அது வெறும் கடதாசி.

ஊர்ப் பழக்கம் அப்படியே வந்து இடறுகிற இடங்கள் சில இருக்கின்றன. நாவலடி மணலில் அத்திவார ஆழத்தைத் தீர்மானிப்பது மண்ணின் இறுக்கமும் நிலத்தடி நீரும். டொரொன்டோவில் நிலம் உறைந்து தூக்குவதுதான் தீர்மானிக்கும். வெளி அத்திவாரம் 1.2 மீற்றர் கீழே போக வேண்டும், மண் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். கம்பியில் ‘10எம்’ என்ற கனடா அளவை நம் டி10 (10 மி.மீ. கம்பி) என்று எடுக்காதீர்கள். டி10 மீற்றருக்கு 0.617 கிலோ, 10எம் 0.785 கிலோ. நாலில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம். கொங்கிரீட் பலத்தை ஊரில் சதுரக் கட்டி (கியூப்) உடைத்துப் பார்ப்போம், இங்கே உருளை (சிலிண்டர்). இங்கே 32 எம்.பி.ஏ. (பலத்தின் அலகு) என்று எழுதினால் அது ஏறக்குறைய நம் கிரேட் 40. “என்ன, கிரேட் 30ஐவிடக் கொஞ்சம் கூட” என்று நினைத்து விலை போட்டால் ஒவ்வொரு கன மீற்றரிலும் நட்டம். குளிரும் காசுதான்: வெப்பம் 5 பாகை அல்லது அதற்குக் கீழ் போனால் கொங்கிரீட்டை மூடி, சூடாக்கிக் காக்க வேண்டும். மட்டக்களப்பில் கார்த்திகை, மார்கழி மழைக்கு வேலை நிற்கும். இங்கே வேலை நிற்காது, சூடாக்கும் செலவு ஓடும். அட்டவணையில் கொங்கிரீட் எந்த மாதத்தில் விழுகிறது என்று பார்த்த பிறகே விலை எழுதுங்கள்.

டிசைன்-பில்ட்டை உரிமையாளர் விரும்புவதே நேரத்துக்காகத்தான். வரைபடம் 60 சதவீதத்தில் நிற்கும்போதே இரும்புக்கு ஓடர் போகும், நிபந்தனை அனுமதி (முழுக் கட்டட அனுமதிக்கு முன் கிடைப்பது) கிடைத்தால் அத்திவாரம் தொடங்கும். ஆபத்தும் அதற்குள்தான். கூரையில் ஏறும் ஏ.சி. யூனிட்டின் நிறை முடிவாகாமல் ஜொயிஸ்ட் ஓடர் பண்ணினால், பிறகு உயரத்தில் ஏறி நின்று வெல்டிங் செய்து பலப்படுத்த வேண்டும். யூனிட்டின் பக்கத்தில் பனி ஒதுங்கிக் குவியும் சுமையும் சேரும். நம் ஊர்க் கூரையில் அப்படி ஒரு கணக்கே இல்லை. மின் சுவிட்ச்கியர், ட்ரான்ஸ்போமர் வந்துசேர மாதக்கணக்காகும், சில வேளை ஒரு வருடத்தையும் தாண்டும். அவற்றின் ஓடர் திகதியை முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் “நோக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்று உத்தரவாதம்” என்ற வரியைக் கண்டால் மேலதிகாரியிடம் காட்டுங்கள். எஞ்சினியரின் தொழில்சார் காப்புறுதி கவனக்குறைவுக்குத்தான் பொறுப்பெடுக்கும். விளைவுக்கு உத்தரவாதம் கொடுத்தால் அது அந்தக் காப்புறுதிக்கு வெளியே போய்விடும். கொம்பனியின் சாதாரணக் கட்டுமானக் காப்புறுதியும் வடிவமைப்புப் பிழைக்கு நிற்காது.

காசு விஷயம் சுருக்கமாக: ஒன்டாரியோவில் சரியான பில் கிடைத்து 28 நாளுக்குள் உரிமையாளர் தர வேண்டும், மறுப்பதானால் 14 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், உங்கள் கொம்பனி அந்தக் காசு கைக்கு வந்து 7 நாளுக்குள் சப்-கொன்ட்ராக்டருக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 சதவீதம் பிடித்து வைப்பது சட்டம்.

புறப்பட இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே. அம்பாறைப் பக்கம் ஒரு நெல் களஞ்சியத்தைப் போய்ப் பாருங்கள். வரைபடம் கேட்க வேண்டாம். சொந்தக்காரரிடம் “இன்னொன்று கட்டினால் எப்படி இருக்க வேணும்?” என்று மட்டும் கேட்டு, அவர் சொன்னதை இரண்டு பக்கத்தில் தேவைக் கூற்றாக எழுதுங்கள். மூடை எத்தனை வரிசை உயரம், லொறி பின்னால் வந்து அணையுமா, வெள்ளம் எந்த மட்டத்துக்கு ஏறியது. பிறகு அதிலிருந்து விலை போட்டு, அனுமானப் பட்டியலையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். பார்த்துத் திருத்தித் தருகிறேன். ஹார்டிப் பாடத்திட்டத்தின் உறுதிப்படுத்திய பிரதியையும், வேலைக் கடிதங்களில் திட்டத்தின் பெயர், பெறுமதி, நீங்கள் செய்த வேலை மூன்றும் எழுதி வாங்கியும் கொண்டு வாருங்கள். இங்கே தொழில்நுட்பவியலாளர் பதிவுக்கோ அளவையியலாளர் பதிவுக்கோ போகும்போது கேட்பார்கள். இங்கிருந்துகொண்டு ஊர் ஒபிஸில் கடிதம் எடுப்பது பெரும் பாடு.